சும்மா கிடந்த பேர்

“கண்ணகி” என்று தபால்காரர் வாசலில் கூப்பிட்டது, பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தனத்துக்குக் கேட்டது. மத்தியானம் மூணு மணி. சுரங்கத்தில் வெடி போடுகிற நேரம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஒரு தரம் நடுங்கி அடங்கியிருந்தது. எரிந்த நிலக்கரியும் கந்தகமும் கலந்த வாடை, சுரங்கக் குவார்ட்டர்ஸின் இருபத்தோராம் பிளாக்கில் பத்து நாள் இருந்தால் மூக்குக்குப் பழகிப்போகிற அந்த வாடை, ஈரப் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது. பேர் புதுசு. கூப்பிட்டது தன்னைத்தான் என்று விளங்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல், “தோ வந்துட்டேங்க” என்றது.

தனம் நின்றாள். வீட்டில் யாரும் இல்லை. புருசன் தெய்வசிகாமணி செகண்ட் ஷிப்டுக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. டிவி அணைந்து கிடந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி ஊருக்குப் போயிருந்தாள். தனம் சமையல்கட்டு வழியாக முன்னறைக்கு வந்தாள். முன்கதவு அவள் போட்ட தாழ்ப்பாளோடு அப்படியே இருந்தது. மேசைமேல் ஒரு காக்கிக் கவர். மின்விசிறிக் காற்றுக்கு அதன் முனை எழுந்து எழுந்து படுத்தது.

சென்னையிலிருந்து வந்த அரசாங்கக் கவர். உள்ளே கெசட் பிரதி. இன்னார் மகளும், தெய்வசிகாமணி மனைவியுமாகிய தனம் என்கிற நான் இனிமேல் கண்ணகி என்று அழைக்கப்படுவேன். அவ்வளவுதான். நாலு வரி. முப்பத்தெட்டு வருசத்துப் பேரைத் தூக்கிப் போட நாலு வரி போதும்.

மறுநாள் தபால்காரரை வழிமறித்துக் கேட்டாள். “நேத்து யாருகிட்ட குடுத்தீங்க?”

“உங்ககிட்டத்தாம்மா. கையெழுத்துப் போட்டீங்களே” என்று தாளை நீட்டினார்.

‘தெ. கண்ணகி.’ கடைசி எழுத்தின் வால் நீண்டு, மொத்தப் பேருக்கும் அடியில் கோடாக ஓடி, ஓரத்தில் இரண்டு புள்ளி. அந்தக் கையெழுத்தைத் தனத்துக்குத் தெரியும். பீரோவில் இருக்கிற பழைய காகிதங்களில் பார்த்திருக்கிறாள். புருசனின் செத்துப்போன மூத்த சம்சாரத்தின் கையெழுத்து.

வேறு ஒருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். தனத்துக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். என் பேருக்கு வந்த தபாலை அவள் எப்படி வாங்கலாம்?

மூணு வருசமாக இதே ஆத்திரம்தான். கல்யாணம் ஆகி அவள் இந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது மூத்தவள் போய் இரண்டு வருசம் ஆகியிருந்தது. ஆனால் வீடு அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. குடத்தில், சொம்பில், இட்லிப் பானையில், தண்ணீர் குடிக்கிற டம்ளர் அடியில்கூட ‘கண்ணகி’ என்று வெட்டியிருந்தது. விளக்கிப் பார்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பித்தளை தேய்ந்தது, பேர் தேயவில்லை. கொல்லையில் இருக்கிற முருங்கையை எதிர்வீட்டுக்காரி ‘கண்ணகி வெச்ச மரம்’ என்றுதான் சொல்வாள். கீரை வேண்டுமானால் தனத்திடம் கேட்பாள்; நன்றியை மரம் வைத்தவளுக்குச் சொல்வாள்.

தெய்வசிகாமணி ஒருநாளும் மூத்தவளைப் பற்றி வாய் திறந்ததில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. திட்டியாவது இருக்கலாம் அந்த மனுசன்.

அவனுக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருசம் இருந்தது. சுரங்கக் கம்பெனிப் பதிவேட்டில் மனைவி என்கிற கட்டத்தில் இருந்தது கண்ணகி. அவனுக்கு ஒன்று ஆனால் பென்ஷன் இல்லை, குவார்ட்டர்ஸ் இல்லை, தனம் யாரென்று கேட்க நாதி இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் தாய் வீட்டுக்குத் திரும்பிப்போய் அண்ணன் பொண்டாட்டி கையால் சோறு வாங்கித் தின்ன வேண்டியதுதான்.

மெயின் பஜாரில் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்கிற மருதமுத்துவிடம் இரண்டு பேரும் போனார்கள்.

“மூத்த சம்சாரம் செத்ததுக்கு சர்டிபிகேட் இருக்குதா?”

“இல்லைங்க. குள்ளஞ்சாவடி பக்கம், எங்க அக்கா வூட்டுல காய்ச்சல்ல போயிடுச்சு. அன்னிக்கு சாயங்காலமே கொளுத்திட்டோம். யாரு போயி எழுதினாங்க.”

“கம்பெனியில சொன்னியா?”

தெய்வசிகாமணி தரையைப் பார்த்தான்.

“அப்ப காகிதத்துல அது உசுரோட கீது” என்றார் மருதமுத்து. “இப்பப் போயி செத்துப்போச்சுன்னா கோர்ட்டு ஆர்டர் கேப்பான். அஞ்சு வருசமா ஏன்யா சொல்லலைன்னும் கேப்பான். ரிட்டயர் ஆவற நேரத்துல உனக்குத் தேவையா?” தனத்தைப் பார்த்தார். “செத்தத எழுதறதுதான் கஷ்டம். இருக்கறவங்க பேர மாத்தறது ஈசி. இது கண்ணகின்னு ஆயிட்டா பதிவேட்டுல ஒரு எழுத்து மாத்த வேணாம்.”

“அவ பேரா” என்றாள் தனம்.

“ஏம்மா, ஊருல இல்லாத பேரா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். அப்புறம் யோசித்தாள். பாத்திரம் எல்லாம் என் பேரில் ஆகிவிடும். மரம் என் மரம். அவளுக்கென்று மிச்சம் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. நினைக்க நினைக்க நாக்கில் வெல்லம் மாதிரி இனித்தது.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்குதே, இன்னா போடறது?” என்றான் தெய்வசிகாமணி.

“எண் கணிதம்னு போடு. பாதிப் பேரு அதுக்குத்தான் மாத்தறான்.”

பண்ருட்டியில் நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். கெசட் வந்தது. வந்த கதைதான் மேலே சொன்னது.

கெசட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காகிதமாக மாற்றினாள். ரேஷன் கார்டில் தனத்தை அடித்துக் கண்ணகி என்று எழுதி சீல் வைத்தார்கள். வாக்காளர் பட்டியலில் தனம் நீக்கம், கண்ணகி சேர்க்கை. ஆதாருக்குப் போனாள். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “பின்னால நிக்கறவங்க கொஞ்சம் நகருங்கம்மா, போட்டோவுல விழுது” என்றாள். தனம் திரும்பினாள். முதுகுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. ஆள் நிற்க இடம் இல்லை.

“ஆங், இப்ப சரி” என்றாள் அந்தப் பெண்.

வெரிபிகேஷனுக்குக் கம்பெனி ஆபீசில் கேட்டால் தடுமாறக்கூடாது என்று மருதமுத்து சொல்லியிருந்தார். அதனால் எல்லோரும் புதுப் பேரில் கூப்பிட்டுப் பழக வேண்டும் என்று தனமே உத்தரவு போட்டாள். எதிர்வீட்டுக்காரிக்குச் சொன்னாள். தாய்க்குப் போனில் சொன்னாள். மூத்தவளின் கையெழுத்தைப் பழகவும் உட்கார்ந்தாள். மத்தியான வேளைகளில், வீடு காலியாக இருக்கையில், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம், மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்ற, கன்வேயர் ஓடுகிற சத்தம் தூரத்தில் ஒரு பெரிய மிருகம் குறட்டை விடுவதுபோல் தரை வழியாகக் காலுக்கு ஏற, வாலை நீட்டு, கோடு போடு, புள்ளி, புள்ளி. அவள் போட்டால் கோடு கோணும். ஒரு நாள் கோணவில்லை. பேனாவை வைத்ததுதான் தெரியும். கை தானாக ஓடி முடித்துவிட்டு நின்றது.

ஆபீசில் கிளார்க் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “கரெக்டா இருக்கு” என்று டிக் அடித்தார். அன்றைக்குத் தனத்துக்குக் கொண்டாட்டம். வழியில் மல்லி வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டாள். தோத்துட்டடி நீ, என்று மனசுக்குள் மூத்தவளிடம் சொன்னாள்.

அந்தக் கொண்டாட்டம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கெடுத்தது புருசன்.

தனம் என்று கூப்பிட்ட காலத்தில் அவன் குரல் ஷிப்ட் சங்கு மாதிரிதான் இருக்கும். சோறு போடு, சட்டை எங்க, அவ்வளவுதான். கண்ணகி என்று கூப்பிடும்போது குரல் இறங்கியது. அந்த ‘ண்ண’வில் ஒரு நொடி தங்கி, நெய் உருகுகிற மாதிரி கூப்பிட்டான். இருபது வருசம் கூப்பிட்ட பழக்கம். வாய் மறக்குமா? அவன் கண் தனத்தின் முகத்தில் நிற்காது. ஒரு விரற்கடை தள்ளி, தோளுக்குப் பக்கத்தில், அங்கே யாரோ இருப்பதுபோல் பார்த்துச் சிரிப்பான். மூணு வருசத்தில் அவள் பார்க்காத சிரிப்பு.

“கருவாட்டுக் கொழம்பு அப்படியே இருந்துச்சு கண்ணகி” என்றான் ஒரு நாள் ராத்திரி வந்ததும். “எவ்ளோ வருசம் ஆச்சு.”

தனம் அன்றைக்கு ரசம்தான் வைத்திருந்தாள். சமையல்கட்டில் போய்ப் பார்த்தாள். அடுப்பு ஓரத்தில் ஒரு சட்டி, அடியில் ஒட்டிய குழம்பு, இன்னும் சூடு. நாக்கில் தொட்டு வைத்தாள். நன்றாக இருந்தது. தன் கைக்கு ஒருநாளும் வராத ருசி. சட்டியைச் சுவரில் அடித்து உடைத்தாள். முன்னறையில் அவன் என்ன சத்தம் என்றுகூடக் கேட்கவில்லை. யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். மெதுவாக. சிரித்துச் சிரித்து.

மறுநாள் தாய்க்குப் போன் போட்டாள்.

“எம்மா, நான்தான்.”

“யாரு, கண்ணகியா?”

“தனம்மா.”

“எந்த தனம்?” என்றாள் தாய்.

நீதானே பழகிக்கச் சொன்னே, என்பாள் என்று காத்திருந்தாள். தாய் சொல்லவில்லை. போன் கட்டாகிவிட்டது.

ஆடி பிறந்தது. இரண்டாம் வெள்ளிக்கிழமை நாத்தனார் மாணிக்கம்மாள் குள்ளஞ்சாவடியிலிருந்து பையோடு வந்து இறங்கினாள். வருசா வருசம் வருவாள். பூவோடும் பொட்டோடும் செத்தவளைச் சும்மா விடக்கூடாது, பூவாடைக்காரியாகக் கும்பிட வேண்டும் என்பது அவர்கள் குல வழக்கம். மஞ்சள் நனைத்த புதுப் புடவையைச் சொம்பில் சுற்றி வைத்து, தண்ணித் துறையில் நின்று செத்தவள் பேரை மூணு தரம் கூப்பிட்டு, வீட்டுக்குள் அழைத்து வந்து படைக்க வேண்டும். குவார்ட்டர்ஸில் தண்ணித் துறை ஏது? கொல்லைக் குழாயடிதான்.

மூணு வருசமாகத் தனம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மூணு கூப்பாட்டையும் கேட்டிருந்தாள். இந்த வருசம் முடியாது என்றாள்.

“கண்ணகின்னு யாரும் கூப்புடக்கூடாது அண்ணி. அது என் பேரு.”

“இன்னாடி பேசற? பூவாடைக்காரிக்குப் படைக்காம இருக்க முடியுமா? வூடு விளங்குமா?”

“படைங்க. வேணாம்னா சொன்னேன்? என் பேரச் சொல்லிப் படைக்காதீங்க. கெசட்டுல கீது, பாக்கறீங்களா?”

மாணிக்கம்மாள் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தாள். “அது வாஸ்தவம்தான். உசுரோட இருக்கறவ பேரச் சொல்லி படையல் போட்டா ஆவாது. அதுக்காவ பேரில்லாம கூப்புட முடியுமா? ஏ பூவாடைன்னு பொதுவா கூப்புட்டா எவ வேணா வந்து குந்திக்குவா. யாருன்னு சொல்லிடி கூப்புடறது?”

அந்த இடத்தில் தனம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பொறாமைக்காரிக்கு வாய் எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடும்.

“என் பழைய பேரு சும்மாதான கெடக்குது. அத வெச்சிக்கட்டும் அவ. நான் கழட்டிப் போட்டதைக் கட்டிக்கட்டும்.”

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தெய்வசிகாமணி தனத்தின் தோளுக்குப் பக்கத்தில் பார்த்தான். யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தான்.

“அதுவும் சரிதான்றா” என்றான்.

“யாரு சரின்றா?” என்றாள் தனம்.

அவன் சொம்பை எடுத்து அக்காவிடம் நீட்டினான்.

விளக்கு வைக்கிற நேரம். ஸ்டோர் ரூமைக் கழுவி, மணை போட்டு, தலைவாழை இலை விரித்து, சோறும் வடையும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார்கள். சாம்பிராணிப் புகை அந்தச் சின்ன அறையிலிருந்து கசிந்து கூடத்துக்கு வந்து, கூடத்திலிருந்து சமையல்கட்டுக்கு வந்து, அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த தனத்தின் கண்ணில் ஏறியது. அவளுக்கு மனசு குளிர்ந்திருந்தது. இன்றைக்குக் கடைசி ஒட்டும் அறுந்தது. இனி செத்தவளுக்குச் சாமி பேரும் இல்லை, ஆசாமி பேரும் இல்லை. கொல்லையில் குழாயைத் திறந்த சத்தம் கேட்டது. சொம்பில் தண்ணீர் விழுந்து, ஏறி, வழிந்தது.

“தனம்” என்று மாணிக்கம்மாள் கூப்பிட்டாள்.

தனத்தின் கரண்டி எண்ணெயிலேயே நின்றது.

பல நாள் கழித்துக் கேட்கிற பேர். என்ன இருந்தாலும் பெற்றவள் வைத்த பேர். திரும்பக்கூடாது என்று நினைத்தாள். கழுத்து திரும்பிவிட்டது.

“தனம்.”

கரண்டி கையிலிருந்து விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. கால் நகர்ந்தது. சமையல்கட்டைத் தாண்டி, கொல்லைக் கதவுக்கு. வேண்டாம், என்று சொன்னாள். வாயில் சத்தம் வரவில்லை.

“தனம்.”

குளிர். மண்டைக்குமேல் தண்ணீர் மூடுகிற குளிர். மஞ்சள் வாசனை. யாரோ தூக்குகிறார்கள். இடுப்பில் வைக்கிறார்கள். மாணிக்கம்மாளின் வியர்வை நாற்றம் மிகப் பக்கத்தில் அடித்தது. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் நடக்கிறாள் அவள். கூடம் கடந்தது. கூடத்துக் குழல்விளக்கு கடந்தது. ஸ்டோர் ரூம். மணை.

கற்பூரம் காட்டினார்கள்.

“தனம், வந்து பசியாறிக்கோ தாயி. குத்தம் குறை இருந்தா பொறுத்துக்கோ. வூட்டுல இருக்கறவங்களக் காப்பாத்து” என்றாள் மாணிக்கம்மாள்.

பிறகு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். செத்தவர்கள் சாப்பிடுகிற நேரம் அது. உயிருள்ளவர்கள் பார்க்கக்கூடாது.

இருட்டு. ஒரு விளக்கு மட்டும்.

தனத்துக்குப் பசித்தது. இதற்குமுன் அப்படிப் பசித்ததே இல்லை. வெட்கம்கூட மறந்துவிட்டது. சோற்றைத் தின்றாள். வடையைத் தின்றாள். கருவாட்டைத் தின்றாள். ருசி வந்தது. வயிறு நிறையவில்லை. இலையைப் பார்த்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு பருக்கை குறையவில்லை.

கத்தினாள். சுடர் லேசாக ஆடியது. அவ்வளவுதான்.

கதவுக்கு அந்தப் பக்கம் டம்ளர்கள் மோதுகிற சத்தம். மாணிக்கம்மாள் கேட்டாள், “காபில சக்கரை கம்மியா போட்டியா? எனக்கு சுகரு.”

“தெரியும் அண்ணி. மறப்பனா?” என்றது ஒரு குரல்.

தெய்வசிகாமணி ஏதோ சொன்னான். மூணு பேரும் சிரித்தார்கள்.

கதவைத் தட்டினார்கள். மூணு தரம். செத்தவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

திறந்தது.

மாணிக்கம்மாள் முதலில். அடுத்து புருசன். அவன் பக்கத்தில் தனம் காலையில் கட்டின புடவை. தனத்தின் தோடு. தனத்தின் முகம். மூணு பேரும் விழுந்து கும்பிட்டார்கள். இரண்டு பேர் கண்ணை மூடியிருந்தார்கள். அந்த முகம் மட்டும் நெற்றி தரையில் பட்டபடியே கண்ணை மேலே திருப்பித் தனத்தைப் பார்த்தது. நிதானமாக. மேலும் கீழும். புதுசாகக் குடிவந்தவளைப் பார்க்கிற மாதிரி.

“நல்லா சாப்ட்டுட்டா பாவம்” என்றாள் மாணிக்கம்மாள். “கண்ணகி, நீ பொட்டு வெச்சுடும்மா.”

அவள் எழுந்து வந்தாள். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்தாள். விரலை நீட்டினாள்.

தனத்தின் நெற்றியில் ஈரமாக அழுந்தியது. குங்குமம் வழிந்தது. புருவத்துக்கு. கண்ணுக்குள். எரிந்தது.

துடைக்கக் கையைத் தூக்கினாள்.

கை இல்லை.

மணைமேல் ஒரு சொம்பு இருந்தது. மஞ்சள் புடவை சுற்றியிருந்தது. அதன் கழுத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது.